கொசுவும் லேத்தண்ணனின் பூட்டும்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கொசு. வைத்தவர்கள் நோயாளிகள்தான். கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு "எப்பம்மா குத்துவே?" என்று கேட்பவர்களிடம், பஞ்சை வைத்து அழுத்தியபடி "முடிஞ்சு போச்சு, எழுந்திருங்க" என்பாள். "கொசு கடிச்ச மாதிரிகூட இல்லையே" என்று தொடங்கிய பாராட்டு தேய்ந்து தேய்ந்து வெறும் கொசுவாக வந்து நின்றது. வார்டிலிருந்து டாக்டர்களே போன் செய்து, "கொசுவை அனுப்புங்க, குழந்தைக்கு நரம்பே சிக்கல" என்பார்கள். அவளும் "இதோ பறந்து வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு போவாள். கோபித்துக்கொள்ள அவளுக்கு நேரமும் கிடையாது, குணமும் கிடையாது.

நரம்பைக் கண்ணால் தேடுகிறவர்கள்தான் குத்திக் குத்தி நோகடிப்பார்கள் என்பது அவள் கட்சி. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடுவாள். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்ல அமுங்கி எழும். அது போதும்.

இந்த விரலோடு வீட்டுக்குப் போய் அவள் என்ன செய்வாள் என்று தெரிந்தால் நோயாளிகள் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்கள். பூட்டுத் திறப்பாள். சாவி இல்லாமல்.

அதற்காகத் திருட்டுக் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் அப்படி ஒரு பைத்தியம் பிடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சைக்கிள் கடை மாடியில் கூடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய சொந்தப் பூட்டைத்தான் தொட வேண்டும், கதவில் மாட்டி வேலை செய்துகொண்டிருக்கும் பூட்டின் மேல் விரல்கூடப் படக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். மீறினால் அன்றோடு சரி, மாடிப்படி ஏற முடியாது. பள்ளி வேன் ஓட்டும் கொசுவின் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "திருடத் தெரிஞ்சும் திருடாம இருக்க சங்கம் வச்ச ஆளுங்க நீங்கதான்" என்றார். சொன்னாரே தவிர, வேன் கண்ணாடி துடைக்கும் பழைய வைப்பர் கிடைத்தால் தூக்கிப் போடாமல் அதிலிருந்து இரும்புப் பட்டையை உருவி அவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அவளுடைய கருவிகள் எல்லாம் அந்தப் பட்டையை அரத்தால் ராவிச் செய்தவை.

அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு வகைப் பூட்டு. அதன் சாவியில் பல்லே இருக்காது. தட்டையான சாவியின் இரண்டு முகங்களிலும் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் பூட்டுக்குள்ளே ஒரு பித்தளைப் பின் காத்திருக்கும். மேலே ஒரு வரிசை, பக்கத்தில் ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சரியான உயரம் உண்டு. எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் அந்தந்த உயரத்தில் நின்றால்தான் நடுவிலிருக்கும் உருளை திரும்பும். ஒரு பின் மயிரிழை ஏறிவிட்டாலும் இறங்கிவிட்டாலும் திரும்பாது. இடது கையால் ஒரு கம்பியை வைத்து உருளையைத் திருப்புகிற மாதிரி லேசாக அழுத்திக்கொண்டு, வலது கையால் நுனியில் குட்டிக் கொடி போல் வளைந்த இன்னொரு கம்பியை உள்ளே விட்டு, ஒவ்வொரு பின்னாகத் தடவி நிமிண்ட வேண்டும். பின் சரியான இடத்துக்கு வந்தால் ஒரு சின்ன 'டிக்'. காதுக்குக் கேட்காது, விரலுக்குக் கேட்கும். முதல் தடவை அது கேட்டபோது கொசுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவ்வளவு யோசித்திருக்கிறானே, யார் பெற்ற பிள்ளையோ என்று, முகம் தெரியாத அந்தப் பூட்டுக்காரனை நினைத்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை.

முகம் தெரிந்த பூட்டுக்காரர் ஒருவரும் அவளுக்கு வாய்த்தார். பம்பு செய்யும் கம்பெனியில் லேத் என்ற கடைசல் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். சங்கத்தில் எல்லாருக்கும் லேத்தண்ணன். அவருக்குத் திறப்பதைவிட மூடுவதில்தான் ஆசை. கடைப் பூட்டை வாங்கி, உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு, தானே பின் கடைந்து போட்டு, "திற பாப்போம்" என்று நீட்டுவார். ஒரு பின்னில் பள்ளம் வைத்து ஏமாற்றுவார், இன்னொன்று திறந்துவிட்ட மாதிரி பாவனை காட்டும். கொசு வாரக்கணக்கில் மல்லுக்கட்டித் திறந்து, பின்களை வெளியே எடுத்து வரிசையாக வைத்து, "அடப்பாவி அண்ணே, இதையா செஞ்சு வச்சீங்க!" என்று கத்தும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "ஒளிச்சு வச்சதை ஒருத்தர் கண்டுபிடிக்கணும்மா. இல்லன்னா எதுக்கு ஒளிக்கறது?" என்பார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, 'சரி'. அதை இரட்டையாகச் சொல்வார். தண்ணீர் வேண்டுமா என்றாலும் "சரி சரி", வேண்டாமா என்றாலும் "சரி சரி", வலிக்கிறதா என்றாலும் "சரி சரி". மாதாமாதம் பரிசோதனைக்கு அவர் மனைவி, கொசுவுக்கு அண்ணி, அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவாள். கொசு ரத்தம் எடுப்பாள். பழைய பூட்டுக் கதைகளைச் சொல்லிப் பார்ப்பாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு "சரி சரி" என்பார். அவர் போனபிறகு அவள் ஐந்து நிமிடம் யாருக்கும் ஊசி போடமாட்டாள்.

அப்படி ஒரு நாள், அவரை வராந்தாவில் நிறுத்திவிட்டு அண்ணி மட்டும் உள்ளே திரும்பி வந்தாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரித்தால், பூட்டு.

"பொழுதன்னைக்கும் அந்த வேலை மேஜைதாம்மா. துளை போடற மெஷின் ஒயரை எல்லாம் பையன் கழட்டிட்டான், ஆபத்துன்னு. இவர் இடது கையில அரத்தைப் பிடிச்சுக்கிட்டு உரசறார், உரசறார். அது பழக்க தோஷம், கை தானா செய்யுது, மனசு அதுல இல்லைன்னு டாக்டர் சொல்றார். நேத்து இதை என் மடியில தூக்கிப் போட்டார்."

"சாவி?"

"சாவிக்குக் குழி போட மெஷின் வேணுமே. சாவி கிடையாது." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பையன் ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கான். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். 'அப்பா, அங்க போலாமா'ன்னு கேட்டான். இவர் சரி சரின்னார்."

"அவர் எல்லாத்துக்கும் அதைத்தானே அண்ணி சொல்றார்?"

"அதான்மா. தூக்கிக் குளிப்பாட்ட என் இடுப்புல தெம்பு இல்ல, பொய் சொல்லல. அவர் உள்ள இல்லைன்னா இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன? உள்ள இருந்தார்னா..." பூட்டைக் கொசுவின் பக்கம் நகர்த்தினாள். "இது பூட்டா, வெறும் பித்தளையா? உனக்குத்தான் தெரியும். எனக்காகப் பொய் சொல்லாதே."

கொசு அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் சாப்பாட்டு மேஜையில் அதனோடு உட்கார்ந்தாள். அந்த ரகப் பூட்டு அவளுக்கு அத்துப்படி. கம்பெனிக்காரன் அதை வலப்பக்கம் மட்டும் திரும்பும்படி செய்திருந்தான். இடப்பக்கம் போகாமல் உள்ளே ஒரு தடைக்கட்டை உண்டு. அவள் வலப்பக்கம் அழுத்தம் கொடுத்துப் பின்களைத் தடவினாள். ஒழுங்கான பூட்டு என்றால் ஒரு பின் முதலில் இறுகும், அதைச் சரிசெய்தால் அடுத்தது இறுகும், அப்படியே ஒரு வரிசை இருக்கும். இதில் அதெல்லாம் இல்லை. ஒரு தடவை இந்தப் பின் இறுகியது, அடுத்த தடவை வேறொன்று, அப்புறம் எதுவுமே இல்லை. கையில் கிடைத்ததை அள்ளி உள்ளே போட்டு மூடியது போல் இருந்தது. வாரம் ஒன்று போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

"என்ன, அண்ணன் உன்னைத் தோக்கடிச்சிட்டாரா?" என்று கணவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"தோக்கடிச்சிருந்தா கோயில் கட்டிக் கும்பிடுவேன்" என்றவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "இது பூட்டே இல்லைங்க. உள்ள ஒன்னுமே இல்ல."

அவர் அன்றைக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் தானே தேய்த்து வைத்தார்.

அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே மறுநாள் அவள் வார்டுக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மாள், அவளுக்கும் பக்கவாதம், வலது பக்கம். விளங்காத கையில் ஊசி போடக்கூடாது. கொசு யோசிக்காமலே கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். தட்டை வழக்கமாக வைக்கும் பக்கம் வைக்க முடியவில்லை, சுவர் இடித்தது. கைமாற்றி வைத்தாள். ரப்பர் பட்டையையும் கைமாற்றித்தான் கட்ட வேண்டியிருந்தது. எல்லாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தலைகீழ். ஊசியைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, நரம்பு கிடைக்கலியா?" என்றாள் அந்த அம்மாள்.

"கிடைச்சிடுச்சும்மா. இப்பத்தான் கிடைச்சுது."

லேத்தண்ணன் இப்போது மறுபக்கத்து மனிதர், இடது கைக்காரர். இத்தனை மாதமாக அவருக்கு ரத்தம் எடுக்க ஒவ்வொரு தடவையும் இவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாள். காலுக்குத் தெரிந்த விஷயம் மண்டைக்கு ஏறவில்லை. அந்த ரகப் பூட்டைப் பார்த்தே இராத யாராவது இருந்தால் முதல் நாளே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அத்துப்படி ஆனவளுக்கு அது தோன்றவே இல்லை. அத்துப்படியாவது மண்ணாவது!

அன்று பணி முடிந்ததும் உடை மாற்றும் அறையிலேயே பெஞ்சில் உட்கார்ந்து பூட்டை எடுத்தாள். கம்பிகளைக் கை மாற்றிப் பிடித்தாள். இடப்பக்கம் அழுத்தினாள். தடைக்கட்டை அங்கே இல்லை. அதை அவர் ராவி எடுத்துவிட்டு வலப்பக்கத்தில் ஒன்றை வைத்திருந்தார். அதனால்தான் வலப்பக்கம் உருளை துளி அசைந்து நின்று, பின்கள் அவளிடம் ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கின்றன. இப்போது மூன்றாவது பின் கல் மாதிரி இறுகி நின்றது. நிமிண்டினாள். டிக். உடனே பக்க வரிசையில் ஒன்று. டிக். அதற்கப்புறம் முதலாவது. அது பாவனைக்காரன், பள்ளம் வைத்தது. உருளை திரும்புவது போல் ஏமாற்றிவிட்டு நின்றது. இது அவருடைய பழைய குறும்பு. இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பின்னால் வந்து, மறுபடி ஏற வேண்டும். அவர் குரலே கேட்கிற மாதிரி இருந்தது. அவர் அழைத்துப்போக இவள் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள். கடைசிப் பின் விழுந்ததும் உருளை இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பிற்று.

உடை மாற்ற வந்த நர்ஸ் ஒருத்தி, "ஏன்க்கா அழறீங்க?" என்று கேட்டாள். "ஒருத்தரைப் பாத்தேன்" என்றாள் கொசு.

வீட்டில் வெள்ளைத் துண்டை விரித்து, பூட்டின் முதுகிலிருந்த திருகாணிகளைக் கழற்றி, பின்களை உள்ளே இருந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாக எடுத்து, ஐஸ்கட்டி வார்க்கும் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். முதல் பின் கோரமாக இருந்தது. எலி கடித்த மாதிரி. கரண்டியைக்கூட நேராகப் பிடிக்க முடியாத இடது கை அரத்தைப் பிடித்துப் பழகிய பின் அது. ஆனால் உயரம் சரி. அடுத்ததில் கடி கொஞ்சம் குறைந்திருந்தது. அவசரத்தில் நடுவில் ஒன்றிரண்டைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு போனாள். போகப் போகக் கோடுகள் நேராகி, ஓரங்கள் வழவழப்பாகி, கடைசிப் பின் பழைய லேத்தண்ணனே கடைந்தது போல் பளபளத்தது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் யாருக்கும் சொல்லாமல், சொல்ல வாயும் இல்லாமல், புதிதாக ஒரு கையை வளர்த்திருக்கிறார். கணவரும் குனிந்து பார்த்தார். "இப்படியும் ஒரு மனுஷனா" என்றார் மெதுவாக.

மறுநாளே அந்த ஐஸ்கட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு லேத்தண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். வழியில் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில் இரண்டு பின்கள் குழியை விட்டு மடியில் விழுந்தன. நல்லவேளை, தரையில் உருளவில்லை. கரடுமுரடானதை முன்னாலும் வழவழப்பானதைப் பின்னாலும் வைத்தாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது!

லேத்தண்ணன் மேஜை முன்னால் நாற்காலியில் இருந்தார். கொசு தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அண்ணியின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள்.

"அண்ணி, இது பூட்டுதான். நான் திறந்ததுலயே பெரிய பூட்டு. பாருங்க, இங்கேருந்து ஆரம்பிங்க. எப்படி இருந்தவர் எப்படி ஆயிருக்கார்னு பாத்துக்கிட்டே வாங்க."

அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பாதி தூரம் வந்தபோது லேத்தண்ணனின் இடது கை மேஜைமேல் மெல்ல ஊர்ந்து வந்தது. தட்டில் ஒரு பின்னைக் கிள்ளி எடுத்தது, ஓரமாக வைத்தது. இன்னொன்றை எடுத்து அந்தக் குழியில் போட்டது. ஓரமாக வைத்ததை எடுத்து மற்றக் குழியில் போட்டது.

பஸ்ஸில் விழுந்த அதே இரண்டு பின்கள். கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வழவழப்பான பின்தான் முன்னால். அதற்குப் பின்னால் வருவது கரடுமுரடானது. அது கரடுமுரடுகூட இல்லை, குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. அரம் வழுக்கி ஏறியிருக்கிறது. நன்றாகத் தேறி வந்த கை அந்த ஒரு பின்னில் மட்டும் தடுமாறியிருக்கிறது.

"அண்ணே, இதுல ஏன் இப்படி ஆச்சு?"

"சரி சரி" என்றார் அவர். வாய்தான் சொன்னது. கை மேஜையிலிருந்து மெதுவாக எழுந்து, ஜன்னலோரம் இருந்த பிரம்பு நாற்காலியைக் காட்டியது. காட்டியபடியே நின்றது. கொசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் உட்காராத வெறும் நாற்காலி.

அண்ணிக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனதைக் கொசு பார்த்தாள்.

"அங்கதான் பையன் உட்காந்திருந்தான்" என்றாள் அண்ணி. "இல்லத்தோட போட்டோ எல்லாம் காட்டினான். நாங்க இவர் முன்னாடியே பேசினோம். எவ்வளவு காலம் தாங்கும், கட்டிலை என்ன பண்றது, மேஜையை யாருக்குக் கொடுக்கறதுன்னு. இவர் பாட்டுக்கு உரசிக்கிட்டு இருந்தார்." அவர் பக்கம் குனிந்தாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"சரி சரி."

"அங்க போகணுமா உங்களுக்கு?"

"சரி சரி" என்றார் அவர். அண்ணி அவர் வாயைப் பார்க்கவில்லை. இடது கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுக்க, மேஜையே ஆடும்படி பிடித்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திவிட்டு, கண்ணைத் துடைக்காமலே போனை எடுத்து மகனுக்குப் போட்டாள்.

"அப்பா வரமாட்டாராம்ப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் மகன் ஏதோ கேட்டான்.

"டாக்டர் சொல்லல, நானும் சொல்லல" என்றாள் அண்ணி. "அவரே சொன்னார்."